பூட்ஸுக்குப் போர்வை, எனக்குப் பனிக்காற்று

ராட்லிஃப் மெத்தைக் கடை,
கிராப்ட்ரீ கேப், வர்ஜீனியா.
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஐவா லீ அக்காவுக்கு,

தம்பி டெல்பர்ட் எழுதுவது. நான், நோரீன், கடை மூவரும் சௌக்கியம். மூன்றில் கடைக்குத்தான் கொஞ்சம் சுரத்தில்லை; ஜனவரியில் யார் மெத்தை வாங்குகிறார்கள்? அங்கே ஃப்ளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தான் மீன் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படகில் தூங்குவது தொடர்கிறது என்றும் நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது. அடியில் சில அழுகல். குறையாகச் சொல்லவில்லை, சரக்கு வந்தால் கவிழ்த்துப் பார்ப்பது என் பழக்கம்.

நேற்று இரவு பக்ஹார்ன் மலை உச்சியில், உறைந்த பனிக்கு மேலே, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஒரு துணிக்குள் நான் படுத்துத் தூங்கினேன். உயிரோடு இருக்கிறேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நோரீன் இதற்குள் உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். கலங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு, கடைசியில் நான் கேட்கிற ஒரே ஒரு காரியத்தை நீ செய்ய வேண்டும்.

விஷயம் நம் கட்டிடத்தின் பின்பாதி. நீ பாதி, நான் பாதி பணம் போட்டு வாங்கிய கட்டிடம் என்பதால் உன் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஆணி அடிக்க முடியாது. டயர் வியாபாரி பர்ல் ஹேகி அந்தப் பின்பாதியைக் குடோனாகக் கேட்கிறான். மாதம் பிறந்தால் வாடகை கையில். இந்த நேரம் பார்த்து என் மகள் மார்லாவும் மாப்பிள்ளை கேலப்பும் அதே இடத்தைக் கேட்டார்கள். எதற்கு? தையல் மெஷின் போட. என்ன தைக்க? குளிர்காலத்தில் காட்டுக்குப் போய் மரத்தில் துணி கட்டித் தூங்குகிறவர்களுக்கு, அந்தத் துணியின் அடியில் கட்டுகிற இறகுப் போர்வை. அந்தத் துணியை அவர்கள் ஹாம்மக் என்கிறார்கள். நான் தூளி என்றுதான் சொல்வேன். குழந்தையைப் போட்டால் தூளி, வளர்ந்த ஆள் ஏறிப் படுத்தால் மட்டும் பேர் மாறிவிடுமா? இப்போது அவர்கள் தைப்பது சாப்பாட்டு மேஜையில். போன வாரம் அங்கே பீன்ஸ் சூப் சாப்பிட்டேன், கரண்டியில் வாத்து இறகு வந்தது.

முடியாது என்றேன். கடை முன்பாதியில் மெத்தை, பின்பாதியில் தூளிப் போர்வையா, ஊர் சிரிக்கும் என்றேன். மார்லா சண்டை போடவில்லை. அவள் அம்மா நோரீன் மாதிரி அமைதியாகத்தான் வெட்டுவாள்.

"சரிப்பா. அப்ப நாங்க டென்வர் போயிடறோம். கேலப்போட சிநேகிதன் அங்க இடம் தரேன்னு சொல்லியிருக்கான். இந்தப் போர்வைக்கு அங்கதான் ஆளும் ஜாஸ்தி."

டென்வர், அக்கா! பாதி அமெரிக்கா தாண்டிப் போகணும். நோரீன் அன்றிலிருந்து என் முன்னால் தட்டை வைக்கும்போது சத்தமாக வைக்கிறாள். பேச்சு அவ்வளவுதான். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பனியில் தூளி கட்டித் தூங்குவது பொழுதுபோக்கில்லை, வியாதி என்று சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"கடை வாசல்ல என்னப்பா எழுதிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரியும். லாரியின் பின்னால் மெத்தை அடுக்கி வீடு வீடாக விற்ற காலத்திலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். ஒரு இரவு முழுக்க நானே படுத்துப் பார்க்காத மெத்தையை விற்க மாட்டேன். அதைத்தான் வாசலில் பலகையாக எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் என் பேர் நிற்பதே அதனால்தான்.

"படுத்துப் பாக்காததப் பத்தி நல்லதும் பேசமாட்டேன் கெட்டதும் பேசமாட்டேன்னு ஊர் பூரா சொல்றீங்கல்ல? எங்க ஹாம்மக்ல ஒரு ராத்திரி படுங்க. காலையில எந்திரிச்சி வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் நான் வாயத் தொறந்தா கேளுங்க. பேசாம பெட்டியக் கட்டிருவேன்."

என் பலகையைக் கழற்றி என் தலையிலேயே போட்டுவிட்டாள். எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் தூளிக்காரர்கள் பக்ஹார்ன் உச்சியில் கூடுகிறார்கள். வெயில் காலத்தில் கூடினால் என்ன என்று கேட்டால், வெயில் காலத்தில் யார் வேண்டுமானாலும் தூங்கலாமே என்கிறார்கள். மரத்துக்கு மரம் துணி கட்டி, மேலே தார்ப்பாயைச் சரித்து, பகல் முழுக்க ஒருவர் கட்டியதை ஒருவர் போய்ப் பார்த்து முடிச்சுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. குளிர் தாங்காமல் இரவில் வண்டிக்குள் போய் உட்கார்ந்தவர், காலையில் அத்தனை பேருக்கும் பான்கேக் சுட்டுப் போட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. எல்லோரும் செய்யும் கேலியை வாங்கிக்கொண்டு சுட வேண்டும்.

போய் இறங்கியதும் எனக்கு முதல் அடி விழுந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள்! என் பல்லைப் பிடுங்கிய டாக்டர் லெனோரா ப்ரூவர் நிற்கிறார், தலையில் கம்பளித் தொப்பி, கையில் சூடான சோளக் கஞ்சி. கடையிலேயே விலை உசத்தியான ஸ்பிரிங் மெத்தையை அந்த அம்மாவுக்கு விற்றவன் நான்.

"மெத்தை நல்லாத்தானே இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு டெல்பர்ட். நாய் படுத்துக்குது. நான் வீட்டுலயும் ஹாம்மக்தான்."

பல் பிடுங்கும்போதாவது மரத்துப்போக ஊசி போட்டார். இதற்கு ஒன்றும் போடவில்லை.

வியாபாரி வெறுங்கையோடு போவானா? தூளித் துணி அவர்களுடையது, படுக்கை என்னுடையது என்று முன்பே சொல்லிவிட்டேன். கடையிலிருந்து நான்கு விரல் கனத்தில் ஒரு ஃபோம் விரிப்பு, மான் வேட்டைக்குப் போன காலத்து உறக்கப்பை, இரண்டையும் கொண்டுபோனேன். எப்படியாவது கதகதப்பாகத் தூங்கி, இந்தப் போர்வையே தேவையில்லை என்று காட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். கேலப் வந்து என் தூளியைக் கட்டிக் கொடுத்தான். பேச மாட்டான், முடிச்சு மட்டும் போடுவான். தூளியின் கால்பக்கத்தில் சுருட்டி வைத்த பை போல ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். மார்லா வந்தாள். "அப்பா, படுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கால்பக்கம் இருக்கறத இழுத்து" என்று ஆரம்பித்தாள். "எனக்கே படுக்கச் சொல்லிக் குடுக்கறியா?" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கொதிநீர் நிரப்பிய ஒரு குடுவையைக் கையில் கொடுத்து, "தொடை நடுவுல வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பத்துப் பேர் பார்க்க அதை அங்கே வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. வரும் வழியில் ஒரு ஓடையில் இறங்கியதில் பூட்ஸ் நனைந்திருந்தது. குடுவையை ஒரு பூட்ஸுக்குள் திணித்து, ஜோடியை அந்தக் கால்பக்கத்துப் பைக்குள் போட்டேன். பூட்ஸ் வைக்கத்தான் இந்தப் பை, பயல் பரவாயில்லை, விவரமாகத்தான் யோசித்திருக்கிறான் என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

பிறகு ஃபோமை விரித்து ஏறிப் படுத்தேன். அக்கா, தரையில் விரித்த ஃபோம் வேறு, தொங்குகிற துணியில் விரித்த ஃபோம் வேறு. அது இரண்டு பக்கமும் எழும்பி என்னை மூடிக்கொண்டது. ஹாட் டாக் ரொட்டிக்குள் சாசேஜ் மாதிரி கிடக்கிறேன், மேலே தார்ப்பாய் ஒரு கோடாகத் தெரிகிறது. புரளலாம் என்று ஒரு பக்கம் திரும்பினேன். விரிப்பு வழுக்கி மறுபக்கமாக வெளியே பாய்ந்து, தானாகவே சுருண்டு, மேட்டிலிருந்து உருண்டு கீழே போனது. அதன் பின்னாலேயே நானும் விழுந்தேன், ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை. கீழே டாக்டரம்மாவின் நெருப்புப் பக்கமாகப் போய் நின்றது அது.

"டெல்பர்ட், வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறதுன்னு போர்டுல போட்டிருக்கீங்க, மலைக்குமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சுற்றியிருந்த எல்லாத் தூளிகளும் குலுங்கின. சிரிக்கிறவர்கள் தெரியவில்லை, மரங்கள்தான் ஆடின.

சரி, விரிப்பு வேண்டாம், உறக்கப்பை போதும் என்று அதற்குள் புகுந்து மூக்கு வரை ஜிப்பை இழுத்தேன். கொஞ்ச நேரம் சுகம். அப்புறம் முதுகுக்குக் கீழே யாரோ ஐஸ் கட்டியைத் தடவுவது போல ஆரம்பித்தது. மேலே வயிறு வேகிறது, கீழே இடுப்பு உறைகிறது. காற்று எனக்குக் கீழே நிதானமாக நடந்து போய்த் திரும்பி வருகிறது. என் தொழிலில் கற்ற அத்தனையையும் யோசித்துப் பார்த்தேன். கடையில் எப்போதும் நான் சொல்வது இதுதானே: அடியில் கனமாக இருந்தால் கதகதப்பு. உறக்கப்பை நல்ல கனம்தான். அப்படியிருந்தும் ஏன் குளிர்கிறது? கைவிட்டுத் தடவினேன். என் உடம்புக்கு அடியில் இருந்த பகுதி அப்பளம் போல அமுங்கிக் கிடந்தது. என் எடைதான் அதை நசுக்கியிருக்கிறது. கனமே இல்லை. மெத்தை அமுங்கினால் அதன் கீழே தரை இருக்கிறது. இங்கே அமுங்கினால் கீழே வர்ஜீனியாவின் மொத்தக் காற்றும் இருக்கிறது!

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் தோற்றதை ஒப்புக்கொண்டு மார்லாவைக் கூப்பிட்டால் பின்பாதி போச்சு. வண்டிக்குள் போய் உட்கார்ந்தால் மானம் போச்சு. இரண்டில் மானம் போவது பரவாயில்லை என்று முடிவு செய்து, சத்தமில்லாமல் இறங்கி, காலுறையோடு வண்டிப் பக்கம் நடந்தேன். டாக்டரம்மாவின் தூளியைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல்:

"பான்கேக் மாவு நீல டப்பால இருக்கு."

"ஒன்னுக்குப் போறேன் டாக்டரம்மா."

"வண்டி இருக்கற பக்கமா?"

பல் கிட்டித்திருந்தது.

"போய்ப் பிரயோஜனமில்ல, வண்டியில ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு. நாளைக்கு அடுப்பு அவருக்குத்தான்."

"யாரு அந்தக் கோழை?"

"காலையில பாத்துக்குங்க. ஏன் நடுங்கறீங்க? அடிப்போர்வைய எவ்வளவு இறக்கிக் கட்டினீங்க?"

"எந்த அடிப்போர்வை?"

அந்த அம்மா தலையை வெளியே நீட்டி, நெற்றி விளக்கை என் தூளி மேல் அடித்தார்.

"கால்பக்கம் சுருட்டித் தொங்குதே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"பூட்ஸ் வைக்கிற பை."

அக்கா, ஒரு பல் டாக்டர் அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவே இறங்கி வந்து பையின் கயிற்றை அவிழ்த்தார். பூட்ஸை வெளியே எடுத்தேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி இருந்தது. கொதிநீர்க் குடுவையோடு வாத்து இறகுக்குள் சுகமாகக் கிடந்திருக்கிறது. பனி கொட்டுகிற மலையில் என் பூட்ஸ் மட்டும் ராஜா மாதிரி தூங்கியது. போர்வையை இழுத்து என் முதுகு வரும் இடத்துக்குக் கீழே தொங்கவிட்டார். நான் கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன், பழக்க தோஷம்.

"அமுக்காதீங்க! அது தொடணும், அமுங்கக் கூடாது. ரொம்ப இறக்கினா நடுவுல காத்து பூந்துரும். நேரா படுக்காதீங்க, கொஞ்சம் கோணலாப் படுங்க, முதுகு நிமிரும். குடுவைய பூட்ஸ்லயிருந்து எடுத்து எங்க வைக்கணுமோ அங்க வைங்க."

படுத்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குக் கீழே ஒரு பூனை வந்து படுத்தது போல இருந்தது. எனக்குக் கோபமே வந்தது. இத்தனை வருஷம் மெத்தை விற்றவன் நான், அடியில் இருப்பது ஆளைத் தாங்க வேண்டும் என்பது என் தொழிலின் அஸ்திவாரம். இந்தப் போர்வை யாரையும் தாங்குவதில்லை, சும்மா தொங்குகிறது. தாங்காததனாலேயே சூடாக வைக்கிறது. அமுங்காத பொருள் கெட்டும் போகாது. கெட்டுப்போகாத பொருளை விற்றுவிட்டு அதே ஆளிடம் அடுத்த தடவை எதை விற்பது? இதற்கு ஒரு விடை கண்டுபிடித்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் விடிந்து, வெயில் வந்து, தார்ப்பாயில் இருந்த பனி உருகி என் நெற்றியில் சொட்டியது. இருட்டோடு எழுந்து பழகிய நான், ஊரே எழுந்து சாப்பிடும் வரை குறட்டை விட்டிருக்கிறேன்.

அடுப்பருகே ஒரே ஆரவாரம். பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளை கேலப்.

"போர்வை தைக்கிற கைக்கே குளிருதாம்டா!" என்று ஒருவன். "எங்களுக்கு வித்தியே, எங்க காசத் திருப்பிக் குடு" என்று இன்னொருவன். "வண்டி சீட்டுக்கு ஒரு அடிப்போர்வை தச்சுக்கோ" என்று மூன்றாமவன். கேலப் காது சிவக்கக் குனிந்து பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். மார்லா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சரக்கைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தில் என் தூளியின் அடிப்போர்வையைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். மூலையில் சிவப்பு நூலால் தைத்திருந்தது: கேலப், சொந்த உபயோகம்.

அவனுடைய தூளியைப் பார்த்தேன். அதன் அடியில் ஒன்றும் தொங்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, வேற ஒன்னு தச்சு எடுத்தாரக் கூடாதா?"

"உங்க அகலத்துக்குத் தச்சேன் மாமா, முடியல. இறகு தீர்ந்துபோச்சு. என்னோடதுதான் கொஞ்சம் பெருசு."

"இவங்ககிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"காரணம் சொல்லக் கூடாதுல்ல மாமா. சிரப் ஊத்தட்டுமா?"

இவ்வளவுதான் நடந்தது. இனி நான் கேட்க வந்த காரியம். இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். பொருள் நல்ல பொருள். படுத்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத ஆள். வாங்கக் கூடியவர்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும் இடத்தில், தன் சரக்கைத் தானே நம்பாதவன் என்று பேர் வாங்கிக்கொண்டு, ஒரு கிழவன் முதுகு குளிரக் கூடாது என்று வண்டிக்குள் விறைத்து உட்கார்ந்தவனை என்னவென்று சொல்வது? அதுவும் அந்தக் கிழவன் பாதி இரவு அதில் பூட்ஸை அல்லவா தூங்க வைத்தான்! இப்படிப்பட்டவனுக்குக் கடை வைத்துக் கொடுத்தால் ஒரே வருஷத்தில் இழுத்து மூடுவான். ஆகவே மார்லா உனக்குப் போன் செய்தால் இளகிவிடாதே. சம்மதம் சொல்லாதே. பின்பாதி பர்ல் ஹேகியின் டயருக்கே. டென்வர் போனால் போகட்டும். என் முடிவு உறுதி.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். நோரீன் ஆரஞ்சில் ஜாம் போட்டிருக்கிறாள், அதில் இரண்டு பாட்டில் உனக்கு வருகிறது. ஆண்டவர் உன் முழங்காலை வலியிலிருந்தும் கூரையைப் புயலிலிருந்தும் காக்கட்டும். சபையில் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
டெல்பர்ட்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் கல்லாப்பெட்டி மேலேயே கிடந்துவிட்டது. இன்று புதன். காலையில் டாக்டர் ப்ரூவர் கடைக்கு வந்தார். மெத்தைக்காக இல்லை. நான் அன்று குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்துவிட்டு, அந்த மெத்தைக்காரனையே தூங்க வைத்த போர்வை எங்களுக்கும் வேண்டும் என்று ஏழெட்டுப் பேர் கேலப்பிடம் கேட்டார்களாம். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இப்ப கைவசம் இல்லீங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்!" காசோடு வந்த வாடிக்கையாளரிடம், அக்கா, அடுத்த வருஷம்! எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பக்ஹார்ன் உச்சியில்கூட அப்படி நடுங்கவில்லை. நட்டநடு வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு மார்லா வீட்டுக்கு ஓடினேன். பாதிப் பெட்டி கட்டியிருந்தார்கள். என் அகலத்துக்குத் தைத்த போர்வை பாதி இறகோடு மேஜை மேல் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்தேன். மேலே எழுதியதை அப்படியே தலைகீழாகப் படித்துக்கொள். மார்லா போன் செய்தால் உடனே சரி சொல். பர்லுக்கு வேறு இடம் பார்த்துச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முனகினான். நோரீன் இன்று தட்டை மெதுவாக வைத்தாள்.

பேசி முடித்தது இதுதான்: பின்பாதி முழுக்க அவர்களுக்கு. தைப்பது கேலப், கணக்கு மார்லா, விற்பது நான். வாடிக்கையாளர் முன்னால் கேலப் வாயைத் திறக்கக் கூடாது. வாடகை அடுத்த பனிக்காலத்திலிருந்துதான், அதுவரை உன் பங்கை நான் தருகிறேன். டென்வர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எனக்குக் கூலி அந்த அகலப் போர்வை ஒன்று. அடுத்த ஜனவரி பக்ஹார்னில், எவ்வளவு சுகமாகத் தூங்கி எழுந்தாலும், பான்கேக் சுடுவது நான். காரணம் சொல்லக் கூடாது.